மாவு கீழே, சூடு மேலே

ஜூன் 2, செவ்வாய்

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்கணும். யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்த நோட்டிடமா, விளக்கு வெளிச்சம் தாங்காமல் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு படுத்திருக்கும் இவரிடமா? எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

என் மகள் பட்டாணிக்கு இன்று கடைவாய்ப் பல் இரண்டை அடைத்தார்கள். ஐந்து வயசு. அந்த நீள நாற்காலியில் அவள் பாதிகூட இல்லை. என் சுண்டுவிரலை விடவே இல்லை; நகம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது. மூன்றாவது பல்லில் ஒரு பழுப்புப் புள்ளி.

"இதை இப்போ தொட வேண்டாம். ஆறு வாரம் கழிச்சுப் பார்ப்போம். அப்படியே நின்னா விட்டுடலாம். பெருசாச்சுன்னா மயக்கம் குடுத்துத்தான் வேலை பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

மயக்கம் என்ற வார்த்தைக்கு அப்புறம் அவர் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. இவ்வளவு சின்ன உடம்புக்கு மயக்கமா? எழுந்திருப்பாளா?

"காலையில என்ன சாப்பிடறா?" என்று இரண்டாம் முறை கேட்டபோதுதான் நினைவு வந்தது.

"வாஃபிள்."

"மேல என்ன ஊத்தறீங்க?"

"சிரப்."

"தினமுமா?"

தினமும்தான். தினமும் காலையில் மாடியிலிருந்து ஒரு நீல மூடி டப்பா இறங்கும்; உள்ளே கட்டம் கட்டமாகக் குழி விழுந்த வாஃபிளும், சின்னக் குப்பியில் சர்க்கரைப் பாகு மாதிரி சிரப்பும். மாடியில் என் ஓரகத்தி, இவருடைய அண்ணன் மனைவி. அவள் மகன் விடுதிக்குப் போனதிலிருந்து பட்டாணிக்காகவே வாஃபிள் மெஷினைச் சூடாக்குகிறாள். ஏழரைக்கு வேலைக்கு ஓடுகிற எனக்கு அந்த டப்பா சௌகரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை.

திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொல்ல மாடிக்குப் போனேன். ஹாலில் மாமனாரும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் முடிப்பதற்குள் ஓரகத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஊர் உலகத்து ஜூஸுக்கெல்லாம் சர்க்கரை அளக்கிறா. பெத்த பிள்ளை வாயை அளக்கத்தான் நேரமில்ல, பாவம்."

நாத்தனாரும் சிரித்தாள். மாமனார் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நான் ஜூஸ் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். சர்க்கரை அளப்பதுதான் எனக்குச் சம்பளம். தெரிந்தேதான் அந்த இடம் பார்த்துக் குத்தினாள். வாஃபிள் யாருடையது? சிரப் யாருடையது? கெட்ட பேர் எனக்கு!

மாதக் கடைசி ஞாயிறு எல்லோரும் மாடியில் சாப்பிடுவது வழக்கம். இந்த மாதம் 28-ஆம் தேதி வருகிறது. அதே ஹால், அதே ஆட்கள். அன்றைக்கு இருக்கிறது அவளுக்கு.

ஜூன் 3, புதன்

டப்பா இறங்கியது. மேடையில் வைத்தேன், திறக்கவில்லை. பட்டாணிக்கு முட்டை. தட்டை என் பக்கமே தள்ளிவிட்டு, "வாஃபிள் எங்க?" என்றாள். வெறும் வயிற்றோடு வேனில் ஏறினாள். நான் யாரைத் தண்டிக்கிறேன்?

ஜூன் 5, வெள்ளி

மூன்று நாள் முட்டை, பால், ரொட்டி எல்லாம் பார்த்தாயிற்று. காலையில் அவள் வாயைத் திறக்க வைப்பது வாஃபிள் ஒன்றுதான். சரி, வாஃபிளே போடுகிறேன். என் வாஃபிள்.

மாடிக்குப் போய், "அக்கா, மெஷின் கொஞ்சம் வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"சர்க்கரை குறைச்சு நானே பண்ணலாம்னு."

"நீயா?" புருவம் நெற்றிக்கு ஏறியது. "பண்ணு, பண்ணு. கெமிஸ்ட்ரி படிச்சவளுக்கு மாவு கரைக்கவா தெரியாது." வயரைச் சுற்றிக் கையில் கொடுத்தாள். "ஓரத்துல ஒரு கட்டத்துல பாகு கருகிக் கெட்டியா ஒட்டியிருக்கும். என்ன தேய்ச்சாலும் போகாது. விட்டுடு."

திருப்பித் தருகிறேன் என்று நான் எங்கும் சொல்லவில்லை. மெஷின் இப்போது என் அலமாரியில், பூட்டுக்குள். இனி மாடியிலிருந்து டப்பா எப்படி இறங்குகிறது பார்க்கிறேன்.

ஜூன் 6, சனி

சர்க்கரையைப் பாதியாக்கினால் இனிப்பு மட்டும்தான் குறையும் என்று நினைத்தேன். நிறமும் போச்சு, மொறுமொறுப்பும் போச்சு. சிவக்க வைப்பதே சர்க்கரைதானே? படித்ததெல்லாம் பரீட்சை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

முதல் வாஃபிளை அவசரப்பட்டுத் திறந்தேன். மேல் தோல் மூடியில், கீழ்த் தோல் தட்டில், நடுவில் பசை. இரண்டாவது முழுசாக வந்தது, வெளுத்துப்போய், நனைந்த அட்டை மாதிரி. பட்டாணி விரலால் அழுத்தினாள். தட்டில் ஈரம் கசிந்தது.

"அம்மா, இது அழுவுது."

சாப்பிடவில்லை.

கருகின பாகு இருக்கும் கட்டத்தை மரக்கரண்டிக் காம்பால் அரை மணி நேரம் சுரண்டினேன். அசையவில்லை. என் வாஃபிள் ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு குழி மட்டும் விழாமல் மொட்டையாக வருகிறது. அவள் முத்திரை.

ஜூன் 7, ஞாயிறு

இன்றும் தேறவில்லை. குப்பையில் போடப் போனவள் நின்றேன். நீல மூடி டப்பா கழுவிக் காய்ந்து கிடந்தது. அழுகிற வாஃபிள் அத்தனையையும் அதில் அடுக்கிப் பட்டாணியிடம் கொடுத்து மேலே அனுப்பினேன். கூடவே ஒரு மெசேஜ்: "சர்க்கரை கம்மி அக்கா. உங்க உடம்புக்கும் நல்லது."

"கிடைச்சது" என்று மட்டும் பதில்.

சாயங்காலம் இவருடைய அண்ணன் தானே கீழே இறங்கி வந்தார். "ரொம்ப நல்ல காரியம்மா. எனக்கும் சுகர் பார்டர்ல நிக்குது. அடிக்கடி அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதைவிட என்ன வேண்டும்? இனி அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொதப்புவதெல்லாம் மாடிக்கு. தின்று தீர்க்கட்டும்.

ஜூன் 9, செவ்வாய்

அன்றைக்குத் திறக்காமல் வைத்த டப்பாவில் சின்னக் குப்பியில் சிரப் இருந்ததே, அதை வேலைக்குக் கொண்டுபோனேன். ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்தால் போதும், எத்தனை சதவீதம் சர்க்கரை என்று சொல்லிவிடும். ஜூஸுக்குப் பதினொன்றோ பன்னிரண்டோ வரும்.

அறுபத்தெட்டு.

சீனியர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "எந்த பேட்ச்ம்மா இது? கம்பெனியை மூடணுமா?"

"வீட்டு பேட்ச் சார்."

"அப்போ வீட்டைத்தான் மூடணும்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மிச்சத்தை சாம்பிள் பாட்டிலில் ஊற்றி, லேபிள் ஒட்டி, 68 என்று பெரிசாக எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். வாயை அளக்க நேரமில்லையா எனக்கு? அளந்தாச்சு அக்கா. உங்க சிரப்பிலிருந்து ஆரம்பிச்சிருக்கேன்.

ஜூன் 13, சனி

இன்று கொஞ்சம் தேவலை. மைதாவில் கொஞ்சம் எடுத்துவிட்டுச் சோள மாவு. முட்டை வெள்ளையைத் தனியாக நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்த்தேன். சர்க்கரை ஒரே ஒரு டீஸ்பூன், மொத்த மாவுக்கும். ஆவி நின்ற பிறகுதான் மூடியைத் தொட்டேன். மேலே வேகவைத்து மசித்த ஆப்பிள்.

பாதி சாப்பிட்டாள். "பரவால்லம்மா" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. தோளைத் தட்டிக் கொடுக்காததுதான் பாக்கி.

ஆறினால் இன்னும் தொய்ந்துதான் போகிறது. மிச்சம் ஆறு மாடிக்குப் போனது.

ஜூன் 16, செவ்வாய்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் நான் வரும்வரை பட்டாணி மாடியில்தான் இருப்பாள். இன்று கூட்டி வரப் போனேன். வாய் ஓரத்தில் துகள்.

"என்ன சாப்பிட்ட?"

"வாஃபிள்! பெரியம்மா குடுத்தாங்க."

எந்த வாஃபிள்? மெஷின் என் அலமாரியில்! சாவி என் பையில்!

"கரகரன்னு இருந்துச்சும்மா. உன்னுது மாதிரி அழல."

"சிரப்பு?"

"சும்மாதான் சாப்பிட்டேன்."

அப்படிச் சொல்லச் சொல்லி அனுப்பியிருப்பாள். சிரப் இல்லாமல் அவள் வீட்டு வாஃபிளா? எனக்குத் தெரியாமல் இன்னொரு மெஷின் வாங்கியிருக்கிறாள். என் பிள்ளை வாயைக் கெடுத்தே தீருவது என்று இருக்கிறாள்.

காலையில் நான் போட்டதில் மூன்று வாய். சாயங்காலம் அவள் போட்டதில் ஒன்று முழுசாக! எனக்கு எது அதிகம் வலிக்கிறது? பல்லா, இதுவா?

ஜூன் 17, புதன்

படிக்கட்டில் வைத்திருந்த மாடிக் குப்பைப் பையைப் பிரித்துப் பார்த்தேன். மெஷின் வந்த அட்டைப்பெட்டி இல்லை. கடையில் விற்கும் வாஃபிள் கவரும் இல்லை. இவர் பார்த்துவிட்டார்.

"என்ன தேடற?"

"ஒண்ணுமில்ல."

"மேல போய்க் கேட்டுட்டா என்ன? ரெண்டு பேரும் ஒரே படிக்கட்டைத்தானே மிதிக்கறீங்க?"

இவருக்கு எல்லாம் லேசு. இவரையா 'பாவம்' என்றாள்?

ஜூன் 18, வியாழன்

பட்டாணியின் பையில் சுத்தமான கைக்குட்டை வைத்து, பெரியம்மா வாஃபிள் கொடுத்தால் ஓரத்தில் ஒரு துண்டு எனக்கு என்று சொல்லி அனுப்பினேன். கொண்டுவந்தாள். பிள்ளையை ஒற்றுவேலைக்கு அனுப்புகிற அளவுக்கு ஆகிவிட்டேன். போகட்டும்.

ஜூன் 19, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் துண்டில் பாதியை நசுக்கி, வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, ஒரு சொட்டு வைத்தேன். சரியான முறை இல்லை, எனக்கே தெரியும். ஆனாலும் அவள் போடுகிற சர்க்கரைக்கு அளவுக்கோடு எகிறும் என்று காத்திருந்தேன்.

கோடு அடியை விட்டு எழும்பவே இல்லை.

கண்ணாடியைத் துடைத்து மறுபடி வைத்தேன். அதேதான். அப்புறம்தான் மீதித் துண்டைத் திருப்பிப் பார்த்தேன். குழி, குழி, குழி, ஓரத்தில் ஒன்று மொட்டை.

கருகின பாகு அடைத்த கட்டம்! என் அலமாரியில் இருக்கிற மெஷின்! இது நான் போட்டது. நான் அனுப்பினது!

முதலில் வந்தது சிரிப்புதான். என் பிள்ளை முழுசாகத் தின்றது என் கையால் செய்ததை. வேலையிடம் என்றும் பார்க்காமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்புறம் பொங்கிக்கொண்டு வந்தது. திருடி! நான் அனுப்பினதை எடுத்து வைத்து, தன் பேரில் என் பிள்ளைக்கே ஊட்டுகிறாள். "பெரியம்மா வாஃபிள்" என்று அது சொல்லும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாளே.

மொட்டைக் குழியோடு இருக்கிற துண்டை சாம்பிள் கவரில் போட்டு, தேதி எழுதி, 68 பாட்டிலோடு சேர்த்துக் கைப்பையில் வைத்தேன். இருபத்தெட்டுக்கு இனி எதுவும் பாக்கியில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. என் தட்டில் அழுகிறது அவள் தட்டில் எப்படிக் கரகரக்கிறது?

ஜூன் 24, புதன்

சொல்லப்போவதைக் குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்க்கிறேன். "அக்கா, நான் எல்லாத்தையும் அளப்பேன்" என்று ஆரம்பிக்கலாமா? மெதுவாகச் சொல்லவேண்டும். குரல் உடையக்கூடாது. நாத்தனார் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும்.

தோசைக்கல், வாணலி, நெய், வெண்ணெய் எல்லாவற்றிலும் வாட்டிப் பார்த்துவிட்டேன். எண்ணெய் குடிக்கிறதே தவிர கரகரக்கவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

இப்போதுதான் எல்லோரும் தூங்கினார்கள். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

சாப்பிட்டு முடித்தோம். கைப்பை என் மடியில். மாமனார் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் சமையலறைக்குள் போனாள். ஃப்ரீஸர் திறக்கும் சத்தம். உறைந்துபோன வாஃபிள்கள், ஒன்றோடொன்று ஒட்டாமல் நடுவில் தாள் வைத்து அடுக்கினவை. எல்லோர் கண்ணெதிரே டோஸ்டரில் போட்டாள். துள்ளி மேலே வந்தபோது நல்ல செந்நிறம். தட்டில் போட்டால் சத்தம் கேட்கிறது.

அடப்பாவி. ஐஸ் வைத்து, டோஸ்டர்! இவ்வளவுதானா?

நாத்தனார் ஒரு கடி கடித்தாள். "அண்ணி, உங்க கைக்கு ஈடே இல்ல."

இதுதான் சமயம். ஜிப்பைத் திறந்தேன். பாட்டில் விரலில் பட்டது. "அக்கா..." என்று வாயெடுத்தேன்.

"என் கை எங்க வந்துச்சு?" என்றாள் அவள், என்னைப் பார்க்காமலே. "மாவு கீழ் வீட்டுது. சூடு மட்டும்தான் என்னுது. நான் பண்ணினா இதுல பாதி பாகாத்தான் இருக்கும். அதான் பிள்ளை பல்லு போச்சே."

மாமனார் டிவி ரிமோட்டைத் தேடினார்.

அதோடு விட்டாளா? "இனிமே பண்ணவும் வழியில்ல. மெஷினை வாங்கிட்டுப் போய்ப் பூட்டி வச்சிருக்கா மகராசி. நான் வேற என்னத்தச் செய்ய? வர்றதை வாட்டிக்கிட்டு உக்கார்ந்திருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள். இவரும்! ஜிப்பை மூடினேன்.

நாலு வாரமாகச் சேர்த்து வைத்ததை ஒரே மூச்சில் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். பழி வாங்கக்கூட விடமாட்டேன் என்கிறாள்!

பாத்திரம் தேய்க்கும்போது கேட்டேன். "எதுக்குக்கா எடுத்து வச்சீங்க?"

"தூக்கிப் போடத்தான் எடுத்தேன். வெண்ணெயும் முட்டையும் போட்டது, மனசு வரல. ஃப்ரீஸர்ல திணிச்சேன். ஒரு நாள் பட்டாணி பசின்னா. இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீ மெஷினைத் தர்றேன்னு சொன்னியா?"

அவள் அலமாரியில் சிரப் பாட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அன்றைக்குச் சொன்ன 'பாவம்' பற்றி ஒரு வார்த்தை? அதுவும் இல்லை. அந்தக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

ஜூலை 1, புதன்

இப்போது காலை இப்படி. ராத்திரி நான் சுட்டு உறைய வைக்கிறேன். காலையில் பட்டாணி இரண்டு வாஃபிளைத் தட்டில் வைத்துக்கொண்டு, "மாவு கீழ, சூடு மேல!" என்று காய்கறி விற்கிறவர் மாதிரி கத்திக்கொண்டே படியேறுகிறாள். முழுசாகச் சாப்பிட்டுவிட்டு இறங்குகிறாள். ஆப்பிள் மசியல்கூடக் கேட்பதில்லை.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அந்தப் படியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூலை 4, சனி

டோஸ்டர் வாங்கிவிட்டேன். மாடியின் தயவு இன்றோடு சரி.

ஜூலை 5, ஞாயிறு

வெளியே கரி, உள்ளே ஐஸ். இரண்டாவது உள்ளேயே மாட்டிக்கொண்டு புகைந்தது. பட்டாணி தொட்டுப் பார்த்து, "இதுக்குக் குளிருதும்மா" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டாள்.

எப்படிப் பண்றீங்க என்று கேட்டால் சொல்லிவிடுவாள். கேட்கமாட்டேன்.

ஜூலை 14, செவ்வாய்

புள்ளி அப்படியே இருக்கிறது!

டாக்டரம்மா கம்பியால் தட்டிப் பார்த்து, "வளரல. நல்லாப் புடிச்சு நிறுத்தியிருக்கீங்க. என்ன குடுக்கறீங்களோ அதையே விடாம குடுங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். மயக்கம் வேண்டாம். நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பட்டாணி, "ஏம்மா, உனக்குப் பல்லு வலிக்குதா?" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது ஓரகத்தி படி உச்சியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. "என்னாச்சு?"

"வளரலையாம்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், "அளந்துதான் வச்சிருக்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதுதான் அன்றைய பேச்சுக்குப் பதிலா? இது போதுமா எனக்கு? போதாது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 15, புதன்

மகனைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள், இரண்டு வாரம். அண்ணனும் கூட. பெட்டியோடு இறங்கும்போது எங்கள் வாசலில் நின்றாள். "ஏதாவது வேணும்னா கேளு."

"ஒண்ணும் வேண்டாம்க்கா."

ஜூலை 16, வியாழன்

நாலு வாஃபிள் கரி. பட்டாணி வெறும் வயிற்றோடு வேனில் ஏறினாள். மறுபடியும். வேன் ஜன்னலில் அந்தச் சின்ன முகம். சாயங்காலம் வந்தவுடன் கேட்டாள்: "நாளைக்கு சிரப் ஊத்திக் குடேன்மா. அப்போ குளிராது."

ஆறு வாரப் பாடும் அந்த ஒரு கேள்வியில் போய்விடும் போலிருந்தது.

கைப்பையிலிருந்து 68 பாட்டிலை எடுத்துக் கழுவும் தொட்டியில் கொட்டினேன். பாட்டில் கம்பெனியுடையது, திருப்பி வைக்கவேண்டும். மொட்டைக் குழித் துண்டு பூஞ்சை பிடித்திருந்தது. அதுவும் போச்சு.

அப்புறம் போனை எடுத்தேன். மூன்று தடவை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பினது இது:

"அக்கா, இந்நேரத்துல தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். பட்டாணி காலையில சாப்பிடல. டோஸ்டர்ல எந்த நம்பர்ல வைக்கிறீங்க? ஐஸோடயேவா, ஐஸ் போன அப்புறமா? ஒரு தடவையா, ரெண்டு தடவையா? அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு இன்னும் ஆறல, அது வேற. வந்ததும் மெஷினை வாங்கிக்குங்க. பட்டாணி ஏழு மணிக்கு எழுந்துடுவா. சீக்கிரம் பதில் போடுங்க."